பழைய சில்லு புதிதாய் வேண்டுமா? பார்த்து வாங்குங்கள்

1975 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் வெஸ்கான் என்ற மின்னணுக் கண்காட்சி நடந்தது. அதில் எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற சிறிய நிறுவனம் 6502 என்ற நுண்செயலியை 25 டாலருக்கு விற்பதாக விளம்பரம் செய்திருந்தது. போட்டி நிறுவனங்களின் சில்லுகள் அப்போது அதைவிடப் பல மடங்கு விலை. இது ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்தவர்களும் உண்டு.

கண்காட்சி அரங்கில் பொருள்களைக் கைமேல் விற்க அனுமதி இல்லை. எனவே நிறுவனத்தார் ஹோட்டல் அறை ஒன்றில் கடை விரித்தனர். சில்லுகள் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையில் நிரப்பப்பட்டிருந்தன. வந்தவர்கள் காசைக் கொடுத்து ஒன்றை எடுத்துச் சென்றார்கள். குடுவை நிறைய இருந்ததால் நிறுவனம் ஏராளமாக உற்பத்தி செய்கிறது என்ற நம்பிக்கை பிறந்தது. உண்மையில் குடுவையின் அடிப்பாகத்தில் கிடந்தவை வேலை செய்யாத சில்லுகள். அந்தச் சில்லின் வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சக் பெடில் பல ஆண்டுகளுக்குப் பிறகு இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அங்கு சில்லு வாங்கியவர்களில் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக். அதை வைத்து அவர் உருவாக்கியதுதான் 1976ல் வெளிவந்த முதல் ஆப்பிள் கணினி. அடுத்த ஆண்டு ஆப்பிள் 2 வந்தது. அட்டாரி 2600 விளையாட்டுப் பெட்டி, பிரிட்டிஷ் பள்ளிகளுக்குள் புகுந்த பிபிசி மைக்ரோ, கொமடோர் 64, நின்டெண்டோவின் குடும்ப விளையாட்டுப் பெட்டி ஆகியவற்றுக்கு உள்ளே இருந்ததும் 6502 அல்லது அதன் நெருங்கிய உறவுச் சில்லுதான். ‘டெர்மினேட்டர்’ திரைப்படத்தில் இயந்திர மனிதனின் கண்ணுக்குள் ஓடும் எழுத்துகளை உற்றுப் பார்த்தால் அதுவும் 6502க்கான நிரல்தான்!

இதெல்லாம் அருங்காட்சியகக் கதை என்று நினைத்தால், ஒரு செய்தி. இந்தச் சில்லை இன்றும் புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மேசா என்ற ஊரில் இயங்கும் வெஸ்டர்ன் டிசைன் சென்டர் அதன் மேம்பட்ட வடிவத்தை விற்பனை செய்கிறது. 1978ல் அதை நிறுவிய பில் மென்ஷ், முதல் 6502 குழுவிலேயே இருந்தவர். நிறுவனத்துக்குச் சொந்தத் தொழிற்சாலை இல்லை. சில்லு தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் உருவாகிறது. ஐஃபோனின் மூளையைச் செய்யும் அதே நிறுவனம்தான், ஆனால் மிகப் பழைய தொழில்நுட்ப வரிசையில்.

இப்போது எதற்கு இது?

நம் மாணவர்கள் மைக்ரோ:பிட் பலகையைத் தொடக்கப்பள்ளியிலேயே தொட்டுப் பார்த்தவர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகும்போது ஆர்டுயினோ பழகியிருக்கும். அவற்றைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பலகைகளில் செயலி, நினைவகம், உள்ளீடு, வெளியீடு எல்லாமே ஒரே சில்லுக்குள் அடங்கிவிடுகின்றன. செயலி நினைவகத்திடம் “அந்த எண்ணில் இருப்பதைக் கொடு” என்று கேட்பதும், நினைவகம் பதில் சொல்வதும் வெளியே தெரியாது.

6502ல் தெரியும். 40 கால்கள் கொண்ட அந்தச் சில்லில் 16 கால்கள் முகவரிக்கு, 8 கால்கள் தரவுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு எல்இடி விளக்கைப் பொருத்தினால், செயலி ஒவ்வொரு துடிப்பிலும் என்ன நினைக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். உள்ளே இருப்பவை ஏறத்தாழ 3,500 டிரான்சிஸ்டர்கள். உங்கள் கைப்பேசியில் இருப்பவை பல நூறு கோடி. 3,500 என்பது ஒரு மனிதர் உட்கார்ந்து முழுமையாகப் புரிந்துகொள்ளக்கூடிய அளவு. கணினியை அடிமட்டத்திலிருந்து புரிந்துகொள்ள விரும்பும் இளையருக்கு இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடைப்பது கடினம் என்பேன்.

பென் ஈட்டர் என்ற அமெரிக்கர் இந்தச் சில்லைக் கொண்டு பிரெட்போர்டில் கணினி கட்டுவதைக் காணொளித் தொடராக வெளியிட்ட பிறகு, உலகம் முழுவதும் மாணவர்கள் இதில் இறங்கியிருக்கிறார்கள். ஆனால் காணொளியில் இல்லாத ஒரு சிக்கல் பொருள் வாங்கும்போது வருகிறது.

இசட்80க்கு நேர்ந்தது

அதற்கு முன் 6502ன் பரம எதிரியைப் பற்றி. இன்டெல்லில் முதல் நுண்செயலியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபெடரிகோ ஃபாஜின், அங்கிருந்து விலகி ஸைலாக் நிறுவனத்தைத் தொடங்கி 1976ல் இசட்80 என்ற சில்லை வெளியிட்டார். ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினி, பேக்-மேன் விளையாட்டு இயந்திரம் என்று அதற்கும் நீண்ட வரலாறு உண்டு. ஏறக்குறைய 48 ஆண்டுகள் இடைவிடாமல் விற்பனையில் இருந்தது.

2024 ஏப்ரலில் ஸைலாக் ஒரு கடிதம் வெளியிட்டது. சில்லுத் தகடுகளைச் செய்துதரும் ஆலை அந்த வரிசையை நிறுத்துகிறது, எனவே இசட்80க்கான கடைசி ஆர்டர்களை ஜூன் 14க்குள் கொடுத்துவிடுங்கள் என்பதே அதன் சாரம். மக்கள் வாங்காததால் மட்டும் ஒரு சில்லு மறைவதில்லை. அதைச் செய்யும் பழைய இயந்திரங்களை ஆலை மூடினாலும் மறைந்துவிடும். அறிவிப்பு வந்ததும் ஆர்வலர்கள் முண்டியடித்து வாங்கிச் சேர்த்தார்கள். இன்று சந்தையில் ‘புதியது’ என்று கிடைக்கும் இசட்80, கையிருப்பாக மிஞ்சியதாகவோ வேறு ஏதாவதாகவோ இருக்கலாம். இந்த ‘வேறு ஏதாவது’தான் கவலைக்குரியது.

ஆகவே இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும் மாணவருக்கு என் பதில் 6502தான். எது சிறந்த சில்லு என்ற பழைய சண்டையில் நான் தலையிடவில்லை. பொசுக்கிவிட்டால் அடுத்த மாதம் இன்னொன்று வாங்க முடிகிற சில்லு எது என்பதே மாணவருக்கு முக்கியம்.

ஐந்து சில்லு ஆறு வெள்ளி

இணையச் சந்தைகளில் தேடினால் 6502 கொட்டிக் கிடக்கிறது. ஐந்து சில்லுகள் ஆறு வெள்ளி, அனுப்பும் செலவு இலவசம் என்று கண்ணைப் பறிக்கும். அதிகாரபூர்வ விநியோகிப்பாளரிடம் ஒரு சில்லே சுமார் 10 அமெரிக்க டாலர். கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து வைத்து வாங்கும் மாணவர் எதை அழுத்துவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மலிவாக வருபவை பெரும்பாலும் பழைய பலகைகளிலிருந்து கழற்றி எடுக்கப்பட்டவை. மேற்பரப்பைத் தேய்த்து, கறுப்புச் சாயம் பூசி, புதிய பெயரையும் புதிய தேதியையும் அச்சடித்து விற்கிறார்கள். அப்படி வந்ததில் சில நன்றாகவே வேலை செய்யும். வேறு சில பாதி வேலை செய்யும். அந்தப் பாதிதான் மோசம். முற்றிலும் செத்த சில்லைத் தூக்கி எறிந்துவிடலாம். அவ்வப்போது தடுமாறும் சில்லோ, பிழை உங்கள் கம்பிகளில் இருக்கிறதா, நிரலில் இருக்கிறதா என்று பள்ளி விடுமுறை முழுவதும் தேட வைக்கும். முதல் முயற்சியிலேயே இப்படி மாட்டிக்கொள்ளும் மாணவர், “எனக்கு மின்னணுவியல் வராது” என்று முடிவு கட்டிவிடக்கூடும். சில வெள்ளி மிச்சத்துக்கு அது பெரிய விலை.

எனவே எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் தேட வேண்டியது ‘டபிள்யூ65சி02எஸ்6டிபிஜி-14’. பார்க்கப் பூட்டுக்கான ரகசியக் குறியீடுபோல் இருந்தாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு. முதல் எழுத்து நிறுவனத்தைக் குறிக்கிறது. ‘65சி02’ என்பது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிமாஸ் வகை 6502. அடுத்த ‘எஸ்’, கடிகாரத் துடிப்பை நிறுத்தினாலும் நினைவு அழியாது என்பதைக் காட்டும். ‘6டி’ என்பது டிஎஸ்எம்சியின் 0.6 மைக்ரான் தயாரிப்பு முறை. ‘பி’ என்றால் பிரெட்போர்டில் நேராகச் செருகக்கூடிய 40 கால் பிளாஸ்டிக் உறை. இந்த எழுத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘பிஎல்’ அல்லது ‘கியூ’ என்று இருந்தால் அது 44 கால்கள் கொண்ட சதுரச் சில்லு, பிரெட்போர்டில் நிற்காது. ‘ஜி’ என்பது ஈயம் தவிர்த்த தயாரிப்பு. கடைசி 14, வினாடிக்கு 1.4 கோடி துடிப்புகள் வரை தாங்கும் என்பதற்கு.

எங்கே வாங்குவது? மௌசர் போன்ற, தயாரிப்பாளரே அங்கீகரித்த விநியோகிப்பாளரிடம். ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரில் (கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் அல்ல, பலர் குழப்பிக்கொள்வார்கள்) மின்தடை, எல்இடி, பிரெட்போர்டு, கம்பி, சில்லு மாட்டும் சாக்கெட் ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்கலாம். கோலாலம்பூர் வாசகர்களுக்குப் பூடுவின் ஜாலான் பசார் இருக்கிறது. ஆனால் 6502ஐ மட்டும் கடைகளில் தேடி அலைய வேண்டாம். அப்படியே கிடைத்தாலும் அது எந்தக் காலத்துச் சரக்கு என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது சில்லின் விலையைவிட அனுப்பும் செலவு கூடிவிடும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் அந்தச் செலவைத் தள்ளுபடி செய்வது பெரிய விநியோகிப்பாளர்களின் வழக்கம். நான்கைந்து நண்பர்களோ, பள்ளியின் மின்னணு மன்றமோ சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுவதே புத்திசாலித்தனம். பொருள், சேவை வரி 9 விழுக்காட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட சிறு பொட்டலங்களுக்கும் பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்கள் அதை வசூலிக்கிறார்கள்.

ஒன்றாம் கால் சொல்லும் உண்மை

சில்லு கைக்கு வந்துவிட்டது. அசலா, போலியா?

மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. மல்டிமீட்டரை ஓம் அளவுக்கு மாற்றி, 1ஆம் காலுக்கும் 21ஆம் காலுக்கும் இடையே அளந்து பாருங்கள். 1975ன் வடிவமைப்பில் இவ்விரண்டு கால்களும் தரை இணைப்புகள். உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதால் தடை ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். வெஸ்டர்ன் டிசைன் சென்டரின் புதிய சில்லிலோ 1ஆம் கால் தரை இணைப்பு அல்ல. அது வேறு ஒரு சமிக்ஞையை வெளியே அனுப்பும் கால். ஆகவே, மேலே புதிய பெயர் அச்சாகியிருந்தும் தடை பூஜ்யத்துக்கு அருகே இருந்தால், உள்ளே இருப்பது பழைய சில்லு. அசிட்டோன் தொட்ட பஞ்சால் மேற்பரப்பைத் துடைக்கும்போது கறுப்பாகச் சாயம் வருவதும் கெட்ட சகுனம்தான். ஆனால் மல்டிமீட்டர் சோதனையில் ஒரு நாற்றமும் இல்லை, அம்மாவிடம் திட்டும் வாங்க வேண்டாம்.

இதே 1ஆம் கால் அசல் சில்லு வாங்கியவர்களுக்கும் பொறி வைக்கிறது. நூலகத்தில் கிடைக்கும் 1980களின் புத்தகங்களில் உள்ள மின்சுற்று வரைபடங்கள் 1ஆம் காலைத் தரையோடு இணைக்கச் சொல்லும். புதிய சில்லில் அப்படிச் செய்தால் வெளியே வரும் சமிக்ஞையைத் தரையில் அழுத்திப் பிடித்ததாகிவிடும். அந்தக் காலை எதனுடனும் இணைக்காமல் விட்டுவிடுங்கள். 36ஆம் கால் இதற்கு நேர்மாறானது. பழைய சில்லில் அது வெறுமனே இருந்தது. புதியதில் அதை 5 வோல்ட்டுடன் இணைத்தே ஆக வேண்டும். அந்தரத்தில் விட்டால் சில்லு சில வேளை பேசும், சில வேளை மௌனமாகிவிடும். 2ஆம் காலை 5 வோல்ட்டுடன் நேரடியாக இணைக்காமல் 3.3 கிலோ ஓம் மின்தடை வழியாக இணையுங்கள். சில கட்டளைகளின்போது அந்தக் கால் தானே வெளியீடாக மாறித் தரையை நோக்கி இழுக்கும். பயன்படுத்தாத உள்ளீட்டுக் கால்கள் எதையும் காற்றில் தொங்கவிடாதீர்கள்.

அடுத்து, நினைவகமே இல்லாமல் சில்லை ஓட்டிப் பார்க்கலாம். 6502க்கு 234 என்ற எண், “எதுவும் செய்யாதே, அடுத்ததற்குப் போ” என்ற கட்டளை. இரும எண்ணில் 11101010. தரவுக் கால்கள் எட்டிலும் 1 கிலோ ஓம் மின்தடைகளைப் பொருத்தி, 1 வரும் இடத்தில் 5 வோல்ட்டுக்கும் 0 வரும் இடத்தில் தரைக்கும் இணையுங்கள். செயலி எந்த முகவரியைக் கேட்டாலும் பதில் 234 என்றே வரும். துவக்கப் பொத்தானை அழுத்தி விட்டதும் அது 65532, 65533 ஆகிய இரண்டு முகவரிகளைப் படித்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்ளும். இரண்டிலும் 234 கிடைப்பதால் 60138ஆம் முகவரிக்குத் தாவும் (234ஐ 256ஆல் பெருக்கி, அதனுடன் 234ஐக் கூட்டிப் பாருங்கள்). பிறகு ஒவ்வொரு முகவரியிலும் இரண்டு துடிப்புகள் நின்று, ஒன்று ஒன்றாக மேலே ஏறும். முகவரிக் கால்களின் எல்இடி விளக்குகள் இரும எண்ணில் எண்ணத் தொடங்கினால் சில்லுக்கு உயிர் இருக்கிறது.

555 சில்லைக் கொண்டு வினாடிக்கு ஒரு துடிப்பு கொடுத்து இதைச் செய்யுங்கள். (அந்த 555ம் 1970களின் தொடக்கத்தில் பிறந்தது, அதுவும் இன்றுவரை புதிதாக வருகிறது.) வெஸ்டர்ன் டிசைன் சென்டரின் சில்லு இந்த ஆமை வேகத்தைத் தாங்கும். 1975ன் சில்லு தாங்காது. வினாடிக்குப் பல ஆயிரம் துடிப்புகள் இல்லையென்றால் உள்ளே இருக்கும் எண்கள் கசிந்து மறைந்துவிடும். எனவே மெதுவாக ஓட்டும்போது மட்டும் உளறும் சில்லு, பெயர் மாற்றிய பழையதாக இருக்கலாம் என்று சந்தேகிக்க இன்னொரு காரணமும் கிடைக்கிறது.

மற்ற சாமான்கள்

மூளைக்கு 10 டாலர் கொடுத்தவர் நினைவகத்தின் விலையைப் பார்த்து அதிர்வார். பலரும் பரிந்துரைக்கும் 28சி256 என்ற ஈஈபிராம் சில்லு பல வேளைகளில் செயலியைவிட விலை கூடுதல். இதன் போலிகளும் ஏராளம். எஸ்எஸ்டி39எஸ்எஃப்010ஏ என்ற ஃபிளாஷ் சில்லு பல மடங்கு மலிவு, நான்கு மடங்கு கொள்ளளவு, இன்னும் வேகமானதும்கூட. அதில் எழுத ஒரு நிரலேற்றக் கருவி தேவைப்படும். அதைத்தான் பள்ளி மன்றம் ஒன்று வாங்கி எல்லாருக்கும் பொதுவாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ரேம் நினைவகத்துக்கு அலையன்ஸ் மெமரி நிறுவனத்தின் 62256 வகை, பிரெட்போர்டில் செருகும் உறையிலேயே புதிதாகக் கிடைக்கிறது. 14 என்ற எண்ணைப் பார்த்து உச்ச வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். பிரெட்போர்டின் நீளமான கம்பிகளுக்கு வினாடிக்கு 10 லட்சம் துடிப்புகளே போதுமானது.

கணினியுடன் பேசத் தொடர்நிலைத் தொடர்புச் சில்லு வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் 65சி51 இருக்கிறது. புதிய தயாரிப்பு என்பதால் பிழையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. இதன் ‘என்’ வகையில் அறியப்பட்ட குறை ஒன்று உண்டு. ஓர் எழுத்தை அனுப்பி முடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டிய குறி, அனுப்பி முடிக்காதபோதும் “முடித்துவிட்டேன்” என்றே சொல்லிக்கொண்டிருக்கும். தரவுத்தாளில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். படிக்காதவர்கள்தான் திண்டாடுகிறார்கள். தீர்வு எளிது. வினாடிக்கு 19,200 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவுக் குறிகளையும் சேர்த்து 10 பிட்கள், அதாவது ஏறத்தாழ 521 மைக்ரோ வினாடிகள். அடுத்த எழுத்தை அனுப்புமுன் அதைவிடச் சற்றுக் கூடுதலான நேரம் நிரல் காத்திருந்தால் போதும்.

எல்லாச் சாமான்களும் அடங்கிய பெட்டியாகவும் விற்கிறார்கள். போலிப் பயம் இல்லை, ஆனால் விலை அதிகம். பத்தாம் வகுப்புக்கு உட்பட்டவர்களுக்கு அது சரியான வழி. தொழிற்கல்லூரி மாணவர்கள் ஒவ்வொரு பொருளாகத் தரவுத்தாளைப் படித்துத் தேடி வாங்குவதே மேல். வேலைக்குப் போனதும் அதைத்தான் செய்யப்போகிறார்கள்.

நவம்பர் விடுமுறையில் கட்ட நினைப்பவர்கள் செப்டம்பரிலேயே விநியோகிப்பாளரின் கையிருப்பைப் பார்த்துவிடுங்கள். சில்லு தீர்ந்திருந்தால் அடுத்த தொகுதி வரப் பல வாரங்கள் ஆகலாம். ஆர்டர் செய்யும்போது இரண்டாக வாங்குங்கள். 40 கால்களில் ஏதாவது ஒன்று செருகும்போது மடங்கி உடைவது முதன்முறை கட்டுபவர்களுக்கு மிகச் சாதாரணம்.